கண்டக்டரிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து கண்டக்டருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் 'ரைட்'.

அவரைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் காலையில், "ஐயா, உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். பேச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நர்ஸுகள் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அவர் என்னைக் கவனமாகப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உள்ளே எங்கேயோ துழாவிப் பெயரைக் கண்டுபிடித்து, உதடு வரைக்கும் கொண்டுவந்து, "ரைட்" என்றார். அது தன் பெயர் இல்லை என்று சொன்ன மறுகணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது கையால் போர்வையை ஓர் அறை அறைந்தார்.

"சாப்பிட்டாச்சா?"

"ரைட்."

"எங்கேயாவது வலிக்குதா?"

"ரைட்."

"என்னை ரெண்டு சாத்தணும் போல இருக்கா?"

"ரைட்!" என்றவர் சிரித்துவிட்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

காது வழியாகப் போவதெல்லாம் உள்ளே போய்ச் சேர்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம்; எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வந்து விழும்; அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

"இத்தனை வருஷம் வேலையில அதைத்தான் சொன்னார். இப்ப வீட்டுக்கும் அதையே எடுத்துட்டு வந்துட்டார்," என்றாள் அவர் மனைவி. அவளை எல்லோரும் கண்டக்டர் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பாள். நிற்க நேரமில்லாதவள். வாயும் நிற்காது. "நான் பேசுறதுக்கு நடுவுல அவருக்கு அந்த ஒரு சொல்லுக்குத்தான் சிஸ்டர் இடமே கிடைக்கும்," என்று அவளே சொல்வாள்.

ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே அவர் கதையை எனக்குச் சொன்னாள். 'இந்தப் பெண்ணைக் கட்டிக்கிறாயா?' என்று பெரியவர்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், 'ரைட்'. "பஸ்ஸைக் கிளப்புற மாதிரி என்னையும் கிளப்பிட்டார்." மகன் பிறந்த செய்தியை ஆள் ஓடிப்போய் பஸ் நிலையத்தில் சொன்னபோதும் சந்தோஷத்தில் 'ரைட்!' என்று கத்திவிட்டார். முன்னாலிருந்த டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாராம்.

பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தில் சரி என்று குறி இடுவதற்கு அந்த வீட்டில் 'ரைட் போடுவது' என்று பெயர். கணக்கு தப்பாக இருந்தாலும் எண்கள் அழகாக இருந்தால் அப்பா ஒரு ரைட் போட்டுவிடுவார், மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும். சமையலில் உப்பு கூடிப்போனால் முதல் வாயிலேயே "ரைட்டு..." என்று ஓர் இழுப்பு, அது திட்டு. அவள் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தால், இருட்டைப் பார்த்து "ரைட்டு, விடு" என்பார், அது சமாதானம். ஒருமுறை தொழிலாளிகளுக்கு வார விடுமுறை கொடுக்காமல் இழுத்தடித்தபோது, மேனேஜர் மேஜையில் கை ஊன்றி, "இது எங்க ரைட்டு சார்" என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் வீட்டம்மா ஊசியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஊரே திரும்பிப் பார்த்துச்சு சிஸ்டர். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்குன்னு எனக்கே அப்பதான் தெரியும்."

ஒரு சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருந்தால், மற்றவை எல்லாம் காலி செய்துகொண்டு போன பிறகும் அதற்குள்ளேயே குடியிருந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் எந்த அறையில் இருக்கிறார் என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. முதல் வாரம் எனக்கு அடிமேல் அடி. ஜன்னலைத் திறக்கச் சொன்னார், மூத்திரச் சட்டியைக் கொண்டுபோய் நீட்டினேன். மூத்திரச் சட்டி கேட்டார், ஜன்னலைத் திறந்தேன். படுக்கை விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

போகப் போகக் காது பழகியது. மூக்கிலிருந்து வெட்டி வந்தால் சிறுநீர். தொண்டையில் தேய்ந்து வந்தால் தண்ணீர். கடைசியில் இறங்கி நின்றால், போதும், என்னைச் சும்மா விடு என்று பொருள். ஜன்னலுக்கு வெளியே யாராவது ஸ்கூட்டரைத் தெருவை அடைத்து நிறுத்தினால் மட்டும் பழைய முழுக் குரல் வரும். ஸ்கூட்டர்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, வண்டியைத் தள்ளி ஓரமாகப் போடுவார்.

மத்தியானத்தில் அந்த வீடு ஓடத் தொடங்கும்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மசித்த சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, வாயைத் துடைத்து, புரையேறாமலிருக்கத் தலையணைகளை அடுக்கி அவரை ஜன்னலோரம் நிமிர்த்தி உட்கார வைப்பேன். முன்னறையில் வீட்டம்மா மெஷினை மிதிப்பாள். அந்த மெஷினின் ஓசை சுவர் வழியாகக் கட்டிலுக்கு வந்து, கட்டில் கால்களில் இறங்கும். மேஜை மேலிருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மெல்ல நடுங்கும். திரைச்சீலை உப்பி உள்ளே வரும், வெளியே போகும். வெயில் தரையில் நகரும். அவர் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். உடம்பு இடமும் வலமுமாக மெதுவாக ஆடும். வேலை செய்யாத பக்கமும் சேர்ந்து ஆடும். மெஷின் நின்றால் அவர் ஆட்டமும் நின்றுவிடும். துணியைத் திருப்பி வைத்து அவள் மறுபடி மிதிக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக, மூச்சோடு மூச்சாக, "ரைட்" என்பார். மெஷின் ஓடும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருப்பேன். விட்டுவிட்டால் விரல்கள் அப்படியே முறுக்கிக்கொள்ளும். நீட்டி மடக்கும்போது எனக்கும் கண் சொக்கும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் எதிர்வீட்டுச் சுவர் பின்னால் போவது போலிருக்கும். சுவரை அடுத்து ஒரு வயல், ஒரு பாலம், கையை அசைக்கும் யாரோ ஒரு பெண். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை நேரத்தில் கனவு காண்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

சாயங்காலங்களில் டிரைவர் வருவார். கண்டக்டரோடு கடைசிவரை ஒரே பஸ்ஸில் ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். பயணிகள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக்கு'. காரணம் கேட்டால் வீட்டம்மா தன் நெற்றித் தழும்பைக் காட்டுவாள்.

அவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, கண்டக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்காருவார். முதல்முறை பார்த்தபோது நோயாளியைப் பார்க்க வந்தவர் இப்படியா உட்காருவது என்று எனக்குக் கோபம் வந்தது.

"கொஞ்சம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்களேன்," என்றேன்.

"முகத்தைப் பார்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை சிஸ்டர்," என்றார். "இத்தனை வருஷமும் அவன் எனக்குப் பின்னாடி ஒரு குரல், அவ்வளவுதான். மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வாயே வராது."

அப்படியே உட்கார்ந்து அன்றைக்கு எந்த ரோட்டில் பள்ளம், எங்கே புதிதாக விளக்குக் கம்பம் போட்டிருக்கிறார்கள், எவன் குறுக்கே வந்தான் என்று பேசிக்கொண்டே போவார். பின்னாலிருந்து அவ்வப்போது ஒரு ரைட் வரும். அந்த நேரத்து ரைட்களுக்கு மட்டும் என்னால் பொருள் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவர்கள் இருவருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்.

மகனுக்கு ஓர் ஊரில் வேலை, மகளுக்கு வேறொரு திசையில் இன்னோர் ஊரில். மகள் கைக்குழந்தைக்காரி, பிரசவ விடுமுறை முடியப் போகிறது. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். வந்ததும் மகன் அப்பாவின் நகங்களை வெட்டிவிட்டான், மகள் அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஏற்பாட்டைப் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். அப்பா மகனிடம் போவார். அங்கே லிப்ட் இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மா மகளிடம் போவாள். அங்கே குழந்தை இருக்கிறது. இந்த வீட்டைக் காலி செய்துவிடுவது.

மகன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, என்கூட வந்துடுறீங்களா?" என்று கேட்டான்.

"ரைட்," என்றார் அவர்.

"அம்மா கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்பா," என்றாள் மகள்.

"ரைட்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க ஆன்ட்டி, அப்பா எவ்வளவு புரிஞ்சுக்கிறார்."

"அம்மாடி," என்றேன், "உங்கப்பாவைத் தூக்கிக் கிணத்துல போடட்டுமான்னு கேட்டுப் பாரு. அதுக்கும் அதையேதான் சொல்வார்."

"சிஸ்டர், அவரே வாயைத் திறந்து சொல்லியாச்சு," என்றான் மகன். குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது. தனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் யாரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் அதற்குமேல் பேசவில்லை. கூலிக்கு வந்தவள், குடும்பத்தின் முடிவில் ஓரளவுக்குத்தான் மூக்கை நுழைக்கலாம்.

பிள்ளைகள் கடைக்குப் போன பிறகு வீட்டம்மாவிடம் போனேன். மெஷினுக்குத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இதுல சம்மதமா?"

"என்னை யார் கேட்டா?"

"நான் கேட்கிறேன்."

"பாப்பாவை யாரு பார்த்துக்கிறது? அவ வேலையை விட்டா திரும்பக் கிடைக்குமா? பையன் வீட்டுல ரெண்டே அறை, நான் வேற போய் எங்க நிக்கிறது?" எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மெஷின் மேல் போட்ட துணியை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

"நீங்களே அவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நீங்க கேட்டா முகத்துல ஏதாவது தெரியும்."

அவள் கை நின்றது. "கேட்க மாட்டேன் சிஸ்டர். நான் போகட்டுமான்னு நானே கேட்டு, அவர் என்னைப் பார்த்து ரைட்னு சொல்லிட்டா? வேற சொல் இல்லாமத்தான் சொன்னார்னு மூளைக்குத் தெரியும். ஆனா காது கேட்டுடும்ல. அந்தக் காதோட நான் எங்க போய் இருக்கிறது?"

நான் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போய்விட்டேன். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாள் காலையில் உடம்பைத் துடைத்துவிடும்போது ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. முதுகுக்குப் பவுடர் போட்டு முடித்த பிறகுதான் புரிந்தது. எழுந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட ரைட் என்று சொல்லவில்லை. பக்கவாதம் மறுபடியும் வந்து, இருந்த ஒரு சொல்லையும் அடித்துக்கொண்டு போய்விட்டதா? ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். "ஐயா, கையை அழுத்துங்க," என்றேன். இடது கையால் என் விரல்கள் நோகும்படி அழுத்தினார். நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினார். தண்ணீர் வேண்டுமா என்றேன். கண்ணால் டம்ளரைக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

மகனிடம் சொன்னேன். "பயணம்னா டென்ஷன் இருக்கும்ல," என்றான்.

டிரைவர் தன் வேனையே கொண்டுவந்திருந்தார். பின் இருக்கைகளைச் சாய்த்து அவற்றின் மேல் மெத்தை போட்டிருந்தது. ஆனால் கண்டக்டர் படுக்க மறுத்தார். இடது கையால் கதவோரம் இருந்த ஒற்றை இருக்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சரி என்று அதிலேயே உட்கார வைத்து, பெல்ட் போட்டு, செயலில்லாத கைக்கடியில் தலையணையைச் செருகினேன். சில வாரம் கூட இருந்து மருமகளுக்குப் பழக்கிவிட்டு வருவதற்காக நானும் போவதாக ஏற்பாடு. எதிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். மகன் முன்னால் ஏறினான். மகளுக்கும் அம்மாவுக்கும் மத்தியானம் ரயில். மகள் இடுப்பில் குழந்தையோடும் தோளில் அம்மாவின் பையோடும் கேட்டருகே நின்றாள்.

வீட்டம்மா பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்தாள். "வெந்நீர்தான். சூடு பார்த்துட்டுக் கொடுங்க." பிறகு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"எடுங்க அங்கிள்," என்றான் மகன்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பார்வை ரோட்டில். வண்டி நகரவில்லை.

இஞ்சின் ஓட்டத்தில் கண்ணாடிகள் லேசாக அதிர்ந்தன. பிளாஸ்க் என் மடியில் அதிர்ந்தது. காலை வெயில் சரிவாக வண்டிக்குள் விழுந்து தூசியை மிதக்கவிட்டிருந்தது. தெருவில் யாரோ தண்ணீர் தெளிக்கும் ஓசை வெகு தூரத்திலிருந்து வருவது போல் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"அங்கிள், என்னாச்சு?"

"ரைட் வரலியே தம்பி," என்றார் டிரைவர், திரும்பாமல்.

"விளையாடாதீங்க அங்கிள். வெயில் ஏறிடும்."

"விளையாட்டா? ஒரு தடவை அவன் சொல்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எடுத்துட்டேன். ஒரு அம்மா, ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. நல்லவேளை, அவன் அந்தம்மா கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டான். அன்னைக்கு அவன் என்னைப் பேசின பேச்சு இருக்கே, என் வீட்டுக்காரிகூட அப்படிப் பேசினதில்லை. அதுலேருந்து அவன் ரைட் கொடுக்காம என் கால் ஆக்சிலேட்டருக்குப் போகாது."

"அவருக்கு இன்னைக்குப் பேச்சே வரலை. காலையிலேருந்து சிஸ்டர் சொல்லிட்டுத்தான் இருக்காங்க."

"பேச்சு வரலையோ, ஆள் ஏறலையோ," என்றார் டிரைவர்.

அதைக் கேட்டதும் மகள் வேகமாக, "அம்மா, போய் அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. நீ சொல்லாததாலதான் அப்படி இருக்கார்," என்றாள்.

வீட்டம்மா வேன் கதவருகே வந்தாள். "போயிட்டு வாங்க. நான்... அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்," என்றாள்.

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் பார்த்த இடம் அதுதான் போலிருக்கிறது. எத்தனை முகங்கள் வந்தாலும், படியில் இருக்கும் கால்களைத்தான். அவள் அவருடைய பார்வையைத் தொடர்ந்து தானும் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வீட்டுச் செருப்பு போட்டிருந்தாள். ஒன்றின் வார் தைத்திருந்தது.

அவள் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

அவர் வாய் திறக்கவில்லை.

"ரெண்டு காலும் தங்கச்சி," என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி.

இரண்டாவது காலும் ஏறியது. அவள் அவருக்குப் பக்கத்தில் மெத்தை மேல் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முழு உடம்பையும் சாய்த்து, பெல்ட் கழுத்தை அறுக்க, இடது கையை நீட்டி அதை உள்ளே இழுத்துப் போட்டார். நான் எழுந்து பிடித்திராவிட்டால் குப்புற விழுந்திருப்பார். நிமிர்ந்து, மூச்சு வாங்கி, முன்னால் பார்த்தார்.

"ரைட்!"

அந்தக் குரலைக் கேட்டு மகளின் இடுப்பிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. டிரைவர் கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுக்கலோடு புறப்பட்டது.

"அம்மா!" என்று மகள் கத்தினாள். "உன் பை!"

"அங்கிள், நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"ஸ்டாப் சொல்ல வேண்டியது கண்டக்டர். நீங்க பாசஞ்சர் தம்பி," என்றார் டிரைவர். தெருமுனை திரும்பிய பிறகு அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அன்றைய பயணம் எனக்கு ஒரே நாளாக ஞாபகமில்லை. வெளிச்சமும் நிழலுமாக மாறி மாறி வந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கிறது. மரங்கள் ரோட்டின் மேல் கைகோத்து நின்றன. ஒரு நீண்ட பாலத்தில் சக்கரங்களின் ஓசை வேறாகக் கேட்டது, கீழே ஆறு வெயிலைத் தகடு தகடாகப் புரட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் கண்டக்டர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு ரைட் கொடுத்தார். முன்னால் மகன் போனில் தங்கையோடு தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டு வந்தான். "நான் என்ன பண்ண? நான் ஏத்தலை, அவங்களா ஏறினாங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வீட்டம்மா தூங்கிவிட்டாள். அவள் தலை அவருடைய செயலில்லாத தோளில் சாய்ந்திருந்தது. அந்தத் தோளில் பாரம் விழக் கூடாது, மூட்டு இறங்கிவிடும். எழுப்பலாம் என்று கை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். துண்டை நான்காக மடித்து அவள் தலைக்கும் அவர் தோளுக்கும் நடுவில் வைத்து, இன்னொரு தலையணையை முழங்கைக்கடியில் முட்டுக் கொடுத்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மகன் வீட்டில் மருமகள் கதவைத் திறந்து, லிப்டிலிருந்து இறங்கிய எங்களை எண்ணினாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், துவைத்து மடித்த தன் புடவை ஒன்றைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள். "குளிச்சுட்டு வாங்க அத்தை." பிறகு சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் பலமாகத்தான் வைக்கப்பட்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும். இரண்டு அறை வீட்டில் அவள் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வாள்?

மகள் பதினைந்து நாள் அம்மாவோடு பேசவில்லை. விடுப்பைச் சம்பளமில்லாமல் நீட்டித்தாள், பிறகு குழந்தையைக் காப்பகத்தில் விட்டாள். குழந்தைக்கு அங்கே சளி பிடித்தது. அவளுக்கு நடந்தது சின்ன இழப்பு இல்லை. அவள் பக்கம் தப்பும் இல்லை.

நான் கிளம்பும் நாளன்று அவள் போன் வந்தது. வீட்டம்மா பால்கனியில் நின்று பேசினாள். அந்தப் பக்கம் அழுகையும் பேச்சுமாக நெடுநேரம் போனது. இவள் இடையே வெட்டிப் பேசவில்லை, அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"உன் கோவம் நியாயம்தான்டி," என்றாள் கடைசியில். "நான் இல்லைன்னு சொல்லலை. நீ என் பொண்ணு, நாளைக்கும் என் பொண்ணுதான், எவ்வளவு திட்டினாலும் எங்கே போயிடுவே? லீவு கிடைச்சா பாப்பாவைத் தூக்கிட்டு இங்கே வா. தரையில இடம் இருக்கு. இப்ப வைக்கிறேன், அப்பாவைத் திருப்பிப் போடணும்."

உள்ளே வந்தாள். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் இடுப்பில் புண் வந்துவிடும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நான் கற்றுக்கொடுத்தபடி அவர் முழங்காலை மடக்கினாள், ஒரு கையை இடுப்புக்கும் ஒரு கையைத் தோளுக்கும் கொடுத்தாள். கனமான மனிதர். அவள் முகம் சிவந்துவிட்டது.

"வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்களே சிஸ்டர், ஒரு கை பிடிக்கக் கூடாதா?"

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். நீங்களே பண்ணுங்க," என்றேன்.

"கல்நெஞ்சுக்காரி," என்று முணுமுணுத்தாள். மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு. அவர் சுவர்ப் பக்கத்திலிருந்து அவள் பக்கமாகத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, விரிப்பின் சுருக்கத்தை நீவி, காதோரம் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். சரியாகத்தான் செய்திருந்தாள், குதிகால் மட்டும் மெத்தையில் அழுந்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அதையும் தூக்கி வைத்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.